விசுவாசமும் நற்கிரியையும்: பந்தியில் தொடங்கிய வழக்கு

1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையின் பிரதிநிதிகளும் உலக லுத்தரன் கூட்டமைப்பின் பிரதிநிதிகளும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். பாவியான மனிதர் கடவுளின் முன் எவ்வாறு நீதிமானாக ஏற்கப்படுகிறார் என்னும் கேள்வியில், அடிப்படை உண்மைகளைப் பொறுத்தவரை இரு சபைகளுக்கும் இணக்கம் ஏற்பட்டுவிட்டது என்று அந்த ஆவணம் அறிவித்தது. 2006இல் உலக மெதடிஸ்டு பேரவை அதில் இணைந்தது; 2016இல் ஆங்கிலிக்கன் ஆலோசனைக் குழு அதன் சாரத்தை வரவேற்றது; 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் விட்டன்பர்க் நகரில் கையொப்பமிட்டது.

மேல்மட்டத்தில் இவ்வளவு நடந்த பின்னும், ஒவ்வோர் ஆண்டும் லூத்தரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்தத் திருநாள் நெருங்கும்போது பழைய வாதம் தவறாமல் எழுகிறது. இரட்சிப்புக்கு விசுவாசம் மட்டும் போதுமா, நற்கிரியைகளும் வேண்டுமா? நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் எழுதிய ரோமர் 3:28ஐ ஒருவர் எடுத்துக்காட்டினால், விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்னும் யாக்கோபு 2:24ஐ மற்றவர் எடுத்துக்காட்டுகிறார். முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட வழக்கு ஏன் முடியவில்லை என்று வாசகர்கள் குழம்புவது இயல்பே.

இக்குழப்பத்திற்கு முதன்மையான காரணம், இரண்டு வசனங்களும் எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்பதை விட்டுவிட்டு, அவற்றை இரண்டு தனிச் சூத்திரங்களாக நிறுத்தி மோதவிடுவதுதான் என்று கருதுகிறேன். எனவே அடிப்படைச் சொற்களிலிருந்து தொடங்கி, வசனங்கள் பிறந்த இடங்களுக்குச் சென்று, பிறகு பதினாறாம் நூற்றாண்டுக்கும் நம் காலத்துக்கும் வருவதே சரியான வழி.

அடிப்படைச் சொற்கள்

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு "நம்பிக்கை", "செயல்", "ஏற்புடையவராதல்" என்னும் சொற்களைக் கையாள்கிறது. பழைய திருப்புதலில் பழகியவர்கள் "விசுவாசம்", "கிரியை", "நீதிமானாக்கப்படுதல்" என்பார்கள். பொருள் ஒன்றே. இக்கட்டுரை பழைய திருப்புதலின் சொற்களைப் பின்பற்றுகிறது.

1. விசுவாசம்: கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது மட்டும் விசுவாசம் ஆகாது. கிறிஸ்துவில் அவர் அளித்த வாக்குறுதியின்மேல் ஒருவர் தம் வாழ்வு முழுவதையும் சார்த்திவைப்பதே விசுவாசம்.

2. கிருபை: தகுதி பாராமல் கடவுள் தரும் தயவு. இதைச் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்க முடிந்தால் அது கூலியாகிவிடும்.

3. நீதிமானாக்கப்படுதல்: கடவுள் பாவியை மன்னித்து, தம்மோடு சரியான உறவில் நிறுத்துதல். இது ஒரு தீர்ப்பை அறிவிப்பது மட்டுமா, மனிதரை உள்ளுக்குள் மாற்றுவதையும் உள்ளடக்கியதா என்பதில்தான் பதினாறாம் நூற்றாண்டின் பிளவு பெருமளவு அடங்கியிருக்கிறது.

4. பரிசுத்தமாக்கப்படுதல்: அந்த உறவில் நின்றவர் நாள்தோறும் கிறிஸ்துவின் சாயலுக்கு மாற்றப்படுவது.

5. கிரியைகள்: இந்தச் சொல்லில்தான் சிக்கல் மிகுதி. "நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள்" என்று பவுல் சொல்வதும், "கிரியைகள்" என்று யாக்கோபு சொல்வதும், பிற்காலத்தார் சொல்லும் "நற்கிரியைகளும்" ஒரே பொருளில் வருவன அல்ல.

பவுல்: அந்தியோகியாவின் பந்தி

ரோமர் 3:28இல் உள்ள வாதமே, பவுலின் இன்னொரு நிருபத்தில், "நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே அல்ல, இயேசு கிறிஸ்துவைப்பற்றும் விசுவாசத்தினாலே" என்று கலாத்தியர் 2:16இல் வருகிறது. அதற்குச் சற்று முன்னுள்ள வசனங்களைப் படிக்காமல் இந்த வாக்கியத்தைப் படிக்கவே கூடாது. அங்கு பவுல் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் நேர்ந்த சச்சரவை விவரித்துக்கொண்டிருக்கிறார்.

சீரியாவின் அந்தியோகியா நகரச் சபையில் யூதரும் யூதரல்லாத புறஜாதியாரும் ஒரே பந்தியில் உண்டு வந்தனர். அங்கு வந்த பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்து உண்டார். பிறகு எருசலேமில் இருந்த யாக்கோபிடமிருந்து சிலர் வந்தனர். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சிய பேதுரு புறஜாதியாரின் பந்தியிலிருந்து விலகினார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினர். பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் அந்த வேஷத்தில் இழுபட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகவே நீதிமானாக்கப்படுதல் பற்றிய புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது.

அவருடைய வாதம் இது. கிறிஸ்துவே ஒருவரை ஏற்றுக்கொண்டபின், அவருக்கு விருத்தசேதனம் இல்லை என்றோ உணவுத் தூய்மை இல்லை என்றோ சொல்லி அவரைப் பந்தியிலிருந்து தள்ளிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்படித் தள்ளினால் கிறிஸ்துவின் மரணம் போதவில்லை என்று சொன்னதாகிவிடும். அதாவது, "விசுவாசத்தினாலேயே" என்னும் கோட்பாடு, யார் யாரோடு உட்காரலாம் என்னும் கேள்விக்கான பதிலாகத்தான் அங்கே எழுகிறது.

1970களின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் பேசும் நாடுகளின் புதிய ஏற்பாட்டு அறிஞர்கள் பலர் இச்சூழலை வலியுறுத்தி வருகின்றனர். "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று பவுல் மறுப்பது, யூதரைப் புறஜாதியாரிடமிருந்து பிரித்துக்காட்டிய விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் ஆகியவற்றைத்தான் முதன்மையாகக் குறிக்கிறது என்பது அவர்களின் நிலைப்பாடு. கும்ரான் குகைகளில் கிடைத்த சாக்கடல் சுருள்களில் ஒன்றில் இதே தொடர் எபிரேய மொழியில் வருவதும், அங்கு அது தூய்மை, பலி தொடர்பான விதிகளைக் குறிப்பதும் இந்த வாசிப்புக்கு வலுச்சேர்க்கின்றன.

ஆனால் இதை மட்டுமே பிடித்துக்கொண்டால் ரோமர் 4ஆம் அதிகாரம் இடிக்கும். அங்கு பவுல், வேலை செய்கிறவனுக்குக் கொடுக்கப்படும் கூலி கிருபையாக எண்ணப்படாமல் கடனாகவே எண்ணப்படும் என்கிறார். இது இனத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் செல்லும் வாதம். மனிதர் எந்தச் செயலையும் கடவுளின் முன் ஒரு கோரிக்கையாக நீட்ட முடியாது என்பது அதன் உட்பொருள். எல்லைக்கோடுகளை அழிப்பதும் கணக்குப் புத்தகத்தை மூடுவதும் பவுலிடம் சேர்ந்தே நிற்கின்றன.

யாக்கோபு: சபைக்கூட்டத்தின் இருக்கை

"மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்னும் யாக்கோபு 2:24ஐ மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர், அந்த அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை. முதல் நான்கு வசனங்களில் யாக்கோபு ஒரு காட்சியை விவரிக்கிறார். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்த ஒருவனும், கந்தை அணிந்த ஏழை ஒருவனும் சபைக்கூட்டத்துக்குள் வருகிறார்கள். செல்வனுக்கு நல்ல இடம் கொடுக்கப்படுகிறது. ஏழையிடம், அங்கே நில், அல்லது என் பாதபடியண்டையிலே உட்காரு என்று சொல்லப்படுகிறது. இப்படிப் பட்சபாதம் செய்கிறவர்களின் விசுவாசம் எப்படிப்பட்டது என்று கேட்டுக்கொண்டே போய்த்தான், பதினான்காம் வசனத்தில், கிரியைகள் இல்லாத விசுவாசத்தினால் என்ன பயன் என்ற கேள்விக்கு அவர் வருகிறார்.

அதற்கு அவர் காட்டும் உதாரணமும் இதே வகையைச் சேர்ந்தது. உடுக்க உடையும் அன்றாட ஆகாரமும் இல்லாத ஒரு சகோதரனிடம், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புவது. அத்தகைய விசுவாசத்தைச் செத்தது என்கிறார் யாக்கோபு. தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று கடுமையாகச் சொல்கிறார்.

இப்போது இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பவுல் எதிர்த்தது, சரியான கிரியைகள் இல்லை என்று சொல்லிச் சகோதரனைப் பந்தியிலிருந்து விலக்கியவர்களை. யாக்கோபு எதிர்த்தது, விசுவாசம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சகோதரனைத் தரையில் உட்காரவைத்தவர்களை. சாக்குகள் வேறு, நடந்த அநீதி ஏறத்தாழ ஒன்றே.

இருவரும் ஆபிரகாமையே சாட்சியாக அழைப்பதால் முரண்பாடு கூர்மையாகத் தெரிகிறது. அதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

1. "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்னும் வாக்கியம் ஆதியாகமம் 15:6இல் இருக்கிறது. அப்போது ஈசாக்கு பிறக்கவில்லை.

2. விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஆகவே அந்த அடையாளத்திற்கு முன்பே ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டார் என்று பவுல் ரோமர் 4இல் வாதிடுகிறார். அவர் பேசுவது உறவின் தொடக்கத்தைப் பற்றி.

3. ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்தும் நிகழ்ச்சி 22ஆம் அதிகாரத்தில் வருகிறது. யாக்கோபு இந்த நிகழ்ச்சியைக் காட்டி, அதனால் 15:6இன் வாக்கியம் நிறைவேறிற்று என்கிறார். அவர் பேசுவது, ஏற்கெனவே தொடங்கிய உறவு உண்மையானதா என்று வெளிப்படும் தருணத்தைப் பற்றி.

4. ஆகவே "விசுவாசம்" என்று யாக்கோபு குறைகூறுவது வெறும் ஒப்புதலை. அதைப் பவுல் விசுவாசம் என்றே அழைக்கமாட்டார். அவரைப் பொறுத்தவரை "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" (கலாத்தியர் 5:6).

இந்த விளக்கம் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். யாக்கோபு "நீதிமானாக்கப்படுகிறான்" என்ற அதே வினையைப் பயன்படுத்துகிறார். அதை "நீதிமான் என்று காட்டப்படுகிறான்" என்று மென்மைப்படுத்துவதைக் கத்தோலிக்க வாசகர்கள் ஏற்பதில்லை. அவர்களுடைய ஆட்சேபத்துக்கு வசனத்திலேயே இடம் இருக்கிறது.

லூத்தருக்கு முன்னும் பின்னும்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதர் தம் இயல்பான வலிமையாலேயே கடவுளின் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்னும் கருத்து பெலாகியுஸின் பெயரோடு பரவியது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் அதைக் கடுமையாக மறுத்தார். 418இல் கார்த்தேஜ் சங்கமும் மறுத்தது. கடவுள் நம் தகுதிகளுக்கு முடிசூட்டும்போது தம் சொந்தக் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது அகுஸ்தீனின் நிலைப்பாடு. அதே அகுஸ்தீன், வாழ்க்கையைத் திருத்திக்கொள்ளாமல் திருமுழுக்கு மட்டும் பெற்றால் போதும் என்று எண்ணியவர்களுக்கு எதிராக, விசுவாசமும் கிரியைகளும் பற்றித் தனி நூலே எழுதினார். பிற்காலத்தில் லூத்தரும் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையும் அவரையே தத்தம் சாட்சியாக அழைத்தனர்.

1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்வி, பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை ஒட்டியது. ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காகவும் ஒரு பேராயரின் கடனைத் தீர்ப்பதற்காகவும் பணம் திரட்டப்பட்டது. அதிகாரபூர்வக் கோட்பாட்டின்படி அச்சீட்டு, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சியுள்ள தற்காலிகத் தண்டனையைக் குறைப்பது மட்டுமே. ஆனால் தெருவில் நடந்த பிரசங்கத்தில் அது இரட்சிப்பையே விலைக்கு விற்பதுபோல் ஒலித்தது. "காணிக்கை போடு, ஆசீர்வாதம் இரட்டிப்பாகும்" என்று இன்று சில மேடைகளில் ஒலிக்கும் பிரசங்கமும், எந்தச் சபையின் பெயரில் நடந்தாலும், அந்த வியாபாரத்தின் மறுவடிவம்தான்.

லூத்தர் நற்கிரியைகளை வெறுத்தார் என்பது பரவலான தவறான எண்ணம். அவர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று தாழ்த்தியது உண்மை. பிற்காலப் பதிப்புகளில் அந்த வாசகம் விடப்பட்டது. ஆனால் அதே பதிப்பில் ரோமர் நிருபத்திற்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் இயங்குவது, அது நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்றும் அவரே எழுதினார். நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும் என்னும் இயேசுவின் வார்த்தையை அவர் திரும்பத் திரும்ப எடுத்தாண்டார். கனிகள் மரத்தை நல்லதாக்குவதில்லை. மரம் முதலில் நல்லதாக வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கடவுளைத் திருப்திப்படுத்த வேண்டிய தேவை நீங்கிவிட்டதால், நற்கிரியைகள் முழுக்க முழுக்க அயலானுக்காகச் செய்யக்கூடியவை ஆகின்றன என்பது லூத்தரின் வாதம். தன் இரட்சிப்பைச் சேர்ப்பதற்காக ஏழைக்குச் சோறிடுகிறவர், அந்த ஏழையைத் தன் நன்மைக்கான கருவியாக்கிக்கொள்கிறார். இரட்சிப்பு உறுதியாகிவிட்டதை அறிந்தவர்தான் ஏழையை ஏழைக்காகவே பார்க்க முடியும். இந்த விவாதம் முழுவதிலும் மிகுந்த பயனுள்ள சிந்தனை இதுவே என்பது என் கருத்து.

லூத்தர் 1546 பிப்ரவரியில் இறந்தார். அதற்கு ஓராண்டுக்குள், 1547 ஜனவரி 13 அன்று, கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்துப் பொதுச்சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றிய தன் தீர்மானத்தை 33 விதிகளோடு வெளியிட்டது. அதன் முதல் விதியே பலருக்கு வியப்பளிக்கும்: கிறிஸ்துவின் கிருபை இல்லாமல், மனிதர் தம் சொந்தக் கிரியைகளால் நீதிமானாகலாம் என்று சொல்பவர் சபிக்கப்பட்டவர். ஒன்பதாம் விதி மறுபக்கத்தைத் தாக்குகிறது: கிருபையோடு ஒத்துழைக்க வேறெதுவும் தேவையில்லை என்னும் பொருளில் "விசுவாசம் மட்டும்" என்று சொல்பவரும் சபிக்கப்பட்டவர். இருபத்து நான்காம் விதி, நற்கிரியைகள் நீதியின் கனிகளும் அடையாளங்களும் மட்டுமே, அதன் வளர்ச்சிக்குக் காரணமாவதில்லை என்ற கருத்தை மறுக்கிறது. உண்மையான பிளவு இந்தக் கடைசி இடத்தில்தான் இருந்தது.

லுத்தரன்களுக்குள்ளும் அமைதி இருக்கவில்லை. நற்கிரியைகள் இரட்சிப்புக்கு அவசியம் என்று கேயோர்க் மாயோர் எழுதினார். சினமுற்ற நிக்கோலாஸ் ஃபோன் ஆம்ஸ்டோர்ஃப், நற்கிரியைகள் இரட்சிப்புக்குத் தீங்கானவை என்றே எழுதிவிட்டார். 1577ஆம் ஆண்டு இணக்க அறிக்கை இருவரின் வாசகங்களையும் தள்ளியது. நற்கிரியைகள் அவசியமே, ஆனால் இரட்சிப்பை அடையும் வழியாக அல்ல என்பது அதன் முடிவு. ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வினும் இதே பொருளில், நீதிமானாக்குவது விசுவாசம் மட்டுமே, ஆயினும் நீதிமானாக்கும் விசுவாசம் தனித்திருப்பதில்லை என்று எழுதினார்.

1999இல் என்ன முடிவாயிற்று?

ஆக்ஸ்பர்க் கூட்டறிக்கை 44 பத்திகள் கொண்டது. அதன் மையம் பதினைந்தாம் பத்தி: நம் தகுதி எதனாலும் அல்லாமல், கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், நாம் கடவுளால் ஏற்கப்பட்டுப் பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம்; அந்த ஆவி நம் இதயங்களைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு நம்மை ஆயத்தப்படுத்தி அழைக்கிறார். முப்பத்தேழாம் பத்தி, நற்கிரியைகள் நீதிமானாக்கப்படுதலைப் பின்தொடர்ந்து அதன் கனிகளாக வருகின்றன என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிடுவதாகச் சொல்கிறது.

இங்கே கவனிக்கவேண்டியது அறிக்கையின் முறை. பொது அறிக்கை ஒன்றைச் சொன்னபின், ஒவ்வொரு தலைப்பிலும் லுத்தரன் விளக்கத்தையும் கத்தோலிக்க விளக்கத்தையும் அது தனித்தனியே வைக்கிறது. நற்கிரியைகள் கிருபையில் வளர உதவுகின்றன என்று கத்தோலிக்கர் தொடர்ந்து சொல்லலாம். நீதி எப்போதும் முழுமையானதே, அதன் விளைவுதான் வாழ்வில் வளர்கிறது என்று லுத்தரன்கள் தொடர்ந்து சொல்லலாம். இவ்வேறுபாடுகள் இனிப் பரஸ்பரச் சாபத்துக்குக் காரணமாகா என்பதே முடிவு. பதினாறாம் நூற்றாண்டின் கண்டனங்கள் தவறு என்று யாரும் சொல்லவில்லை. இந்த அறிக்கையில் சொல்லப்படும் போதனையின்மேல் அவை பாயமாட்டா என்றுதான் சொல்லப்பட்டது.

ஆகவே வழக்கு முழுவதும் முடியவில்லை. பின்வருவன திறந்தே இருக்கின்றன.

1. நீதிமானாக்கப்பட்டவர் ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறார் என்னும் லூத்தரின் வாக்கியம். 1998இல் வத்திக்கான் தந்த பதில் இதையே முதல் தடையாகக் குறித்தது. கையொப்பத்திற்கு முன் ஓர் இணைப்பு எழுதி இதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

2. "தகுதி" அல்லது "பேறு" என்று கத்தோலிக்கப் போதனை சொல்வது, கிருபையின் கொடைக்கே மறுபெயரா, அதற்குக் கூடுதலான ஒன்றா என்பது.

3. ஜெர்மனியின் சீர்திருத்த இறையியல் பேராசிரியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூட்டறிக்கையை எதிர்த்து அறிக்கை வெளியிட்டனர். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சங்கமும் அதை ஏற்கவில்லை. "விசுவாசம் மட்டும்" என்பதன் கூர் மழுங்கிவிட்டது என்பது அவர்களின் குறை.

ஆர்த்தடாக்ஸ் முதலிய கீழைத் திருச்சபைகள் இந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இருந்ததில்லை. இறைவனோடு மனிதர் ஒத்துழைத்து இறைச்சாயலில் வளர்வதை அவை ஒரே தொடர் வழியாகக் காண்பதால், விசுவாசத்தையும் கிரியையையும் பிரித்துக் கேட்கும் கேள்வியே அவற்றுக்கு அந்நியமானது.

கிரியைகளின்படி நியாயத்தீர்ப்பு

"விசுவாசத்தினாலேயே" என்று சொல்பவர்கள் தட்டிக்கழிக்க முடியாத ஒரு பகுதி மத்தேயு 25:31–46. அங்கு மனுஷகுமாரன் நாடுகளைப் பிரித்து நிறுத்தும்போது, என்ன விசுவாசித்தாய் என்று கேட்கவில்லை. பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்களா, அந்நியனாயிருந்தேன், சேர்த்துக்கொண்டீர்களா என்பதே அங்கு அளவுகோல். பவுலும் ரோமர் 2:6இல், தேவன் அவனவனுக்கு அவனவன் கிரியைகளுக்குத்தக்கதாய்ப் பலனளிப்பார் என்கிறார்.

ஆனால் அப்பகுதியில் நீதிமான்கள் தரும் பதிலைக் கவனிக்க வேண்டும். ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டு போஜனங்கொடுத்தோம் என்று அவர்கள் கேட்கிறார்கள். தாங்கள் செய்தது தங்களுக்கே தெரியவில்லை. கணக்கு எழுதி வைத்திருந்தவர்கள் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கிரியைகளே அளவுகோலாக நிற்கும் இடத்திலும், தகுதிக்காகச் செய்யப்படாத கிரியைகள்தான் நிற்கின்றன. ரோமும் விட்டன்பர்க்கும், அதாவது கத்தோலிக்கரும் லுத்தரன்களும், தத்தம் நிலையிலிருந்து இதை ஏற்க முடியும்.

சகேயுவின் நிகழ்ச்சி (லூக்கா 19:1–10) இந்த வரிசையை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. எரிகோவில் வரி வசூலித்த ஆயக்காரரின் தலைவனான அவன், தன் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தான். தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்பவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பதே எண்ணாகமம் 5:7இன் சட்டம். அவன் சட்டத்தைப் பலமடங்கு தாண்டிப் போனான். ஆனால் அவன் இதைச் சொல்வதற்கு முன்பே, நான் இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொல்லிவிட்டார். முதலில் வந்தது ஏற்பு. அந்த ஏற்பு ஊரார் பணத்தை ஊராருக்குத் திருப்பித் தரும் செயலாக அன்றைக்கே மாறியது. மாறாமல் இருந்திருந்தால், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தையை எவரும் நம்பியிருக்க முடியாது.

கோட்பாடு சரியாக இருந்தும் பந்தி பிரிந்தபோது

நீதிமானாக்கப்படுதல் பற்றிய சூத்திரத்தைச் சரியாக வைத்திருப்பது ஒரு சபையைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு வரலாற்றில் வலுவான சான்றுகள் உண்டு. 1933 செப்டம்பரில், லூத்தரின் சொந்த நாட்டில், பழைய பிரஷ்ய ஐக்கிய சபையின் பொதுச்சபை, யூத வம்சாவளியினர் சபையில் ஊழியராக இருக்கக் கூடாது என்னும் ஆரிய விதியை ஏற்றது. ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் "மலிவான கிருபை" என்று 1937இல் எழுதியது, கிருபையைக் கீழ்ப்படிதலிலிருந்து பிரித்துவிட்ட இத்தகைய சபை வாழ்வைப் பற்றித்தான்.

தமிழகத்தின் சான்று இன்னும் பழையது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹாலே நகரின் பக்தி இயக்கத்தில் வார்க்கப்பட்டவர். கோட்பாட்டுச் சுத்தத்தில் உறைந்துபோன லுத்தரன் சபைகளுக்கு எதிராக, உயிருள்ள விசுவாசம் வாழ்வில் காணப்பட வேண்டும் என்று வலியுறுத்திய இயக்கம் அது. அநாதை விடுதியும் பள்ளிகளும் அதன் முகங்கள். தரங்கம்பாடியில் எழுந்த பள்ளிகளும் அச்சகமும் அந்தப் பக்தியின் கனிகள். ஆயினும் அதே மரபில் வளர்ந்த சபைகளில் சாதிவாரியான இருக்கை நிலைத்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. பலர் சபையை விட்டே விலகினர். சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்த மிஷனுக்குச் சிலர் போய்ச் சேர்ந்தனர்.

விசுவாசத்தோடு கிரியைகளும் வேண்டும் என்று திரிதெந்தின் வழியில் கற்பித்த பக்கமும் இதில் வேறுபடவில்லை. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கத்தோலிக்க ஆலயம், இரண்டு சாதிக் குழுக்கள் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்கும் விதமாக இரு கிளைகளாகக் கட்டப்பட்டு, நடுவே சுவரும் வைக்கப்பட்டது. 1910இல் பங்குக் குரு அந்தத் தடுப்பை அகற்றியபோது, தனி இடம் தங்கள் உரிமை என்று கோரியவர்கள் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை.

லுத்தரன் சூத்திரமும் கத்தோலிக்கச் சூத்திரமும் இந்த ஒரே சோதனையில் ஒரே விதமாகத் தவறின. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகளும் சபைகளும் இன்றும் இருக்கின்றன. அவற்றின் பீடங்களிலிருந்து கலாத்தியர் இரண்டாம் அதிகாரமும் யாக்கோபு இரண்டாம் அதிகாரமும் வாசிக்கப்படுகின்றன. 2017இல் விட்டன்பர்க்கில் கையொப்பமிட்ட சீர்திருத்த சபைகள், நீதிமானாக்கப்படுதலையும் சமூக நீதியையும் பிரிக்க முடியாது என்று தங்கள் இணைப்பு அறிக்கையில் தனியே எழுதிச் சேர்த்தன. 1999இன் ஆவணம் அதை விரித்துரைக்கவில்லை. தமிழகச் சபைகள் இவ்விரு ஆவணங்களையும் வாசிக்கும்போது, எந்தச் சபை எந்தச் சொல்லை விட்டுக்கொடுத்தது என்று தேடுவதைவிட, சேர்க்கப்பட்ட அந்தப் பகுதியைத் தங்கள் கல்லறைத் தோட்டத்து விதிகளோடு ஒப்பிட்டு வாசிப்பதே அவசரமான வேலை.